வெள்ளிக்கிழமைப் பந்தி

சென்னப்பன் முதன்முதலாக தருமபுரி சர்ச்சுக்கு வந்த அன்று, ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. செருப்பை வாசலுக்கு வெகுதூரத்திலேயே கழற்றிவிட்டு வந்து போதகரைக் கும்பிட்டார்.

"பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தாண்ட நொச்சிக்குட்டைங்க எங்க ஊரு. பள்ளிக்கூடத்துக் கூரை போன மழையில ஒக்காந்துடுச்சி. உங்க சர்ச்சுப் பசங்க கோடைக்கு ஒரு ஊருக்குப் போயி வேலை செஞ்சு குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். இந்த வருசம் எங்களுக்குச் செய்யணும். சோத்துச் செலவு என்னுது."

போதகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாலிபர் சங்கம் வருஷந்தோறும் ஊழியப் பயணம் போகும். எந்த ஊர் நம்மை உள்ளே விடும் என்று தேடி அலைவதுதான் அதில் பெரிய பாடு. இப்போது ஊரே தேடி வந்து கூப்பிடுகிறது. அவர் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் நின்றிருந்த கிருபாவதிக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. நம் சாமியைக் கும்பிடாத மனிதர், நம்மிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவர், கைக்காசைப் போட்டு நமக்குச் சோறு போடுவானேன்? ஆனாலும் நல்ல காரியத்தில் குற்றம் பார்க்கிறவள் என்ற பேர் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கிருபாவதி டவுனில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் டீச்சர். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அது 1976, நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷனுக்கு ஆளுக்கு இரண்டு பேரைப் பிடித்து வர வேண்டும் என்று பள்ளி நிர்வாகி டீச்சர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். 'கேஸ்' என்றுதான் அதற்குப் பேர். மற்ற டீச்சர்கள் எப்படியோ சமாளித்துவிட்டார்கள். கிருபாவதி இன்னும் யாரையும் கொண்டுபோகவில்லை. பள்ளி திறப்பதற்குள் கொண்டுவராவிட்டால் வேலை இருக்காது என்று நிர்வாகி ஜாடையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

புறப்படும் வாரத்தில் போதகர் காமாலையில் படுத்துவிட்டார். "நீயே கூட்டிக்கிட்டுப் போம்மா. பசங்க உன் பேச்சைக் கேப்பாங்க" என்றார். ஐந்து வாலிபர்கள், இரண்டு பெண்கள். அவர்களில் மூத்தவன் யோபு. லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன். வேலையிலும் கோபத்திலும் ஒரே வேகம். துணி மூட்டைகள், கடப்பாரை, மண்வெட்டி, ஆர்மோனியப் பெட்டி, ஒரு சின்ன மருந்துப் பெட்டி இவற்றோடு பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, சென்னப்பனின் மாட்டு வண்டி காத்திருந்தது.

"ஆம்பிளைப் பசங்க அஞ்சே பேருங்களா?" என்று கேட்டார் சென்னப்பன்.

"ஏனுங்க, போதாதா?"

"போதுங்க, போதுங்க. கம்மியா இருந்தாத் தான் நல்லது."

எதற்கு நல்லது என்று கிருபாவதி கேட்பதற்குள் அவர் வண்டியின் முன்பக்கம் போய்விட்டார்.

ஊருக்குள் வண்டி நுழைந்ததும் எங்கேயோ ஒரு குழந்தை, "வந்துட்டாங்கோ!" என்று கத்தியது. வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. வெயிலில் காயப்போட்டிருந்த கேழ்வரகுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. முறத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள். யோபு சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னான். அவள் கண் ஆர்மோனியப் பெட்டிமேல் நின்றது.

கிருபாவதிக்கு இது புதிதில்லை. மதம் மாற்ற வந்தவர்கள் என்று கல்லெடுத்த ஊர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்த ஊர்களில் முதலில் வந்து வழியை மறித்தவர்கள் ஆண்கள். இங்கே ஆண்களையே காணோம். ஒரு கிழவர் மரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தார். அவரைத் தவிர மீசை முளைத்த ஓர் ஆள்கூட ஊரில் இல்லை.

"எல்லாரும் எங்கங்க?"

"காட்டு வேலைங்க" என்றார் சென்னப்பன். "இந்தச் சனங்க அப்படித்தான். புது மூஞ்சியப் பார்த்தா மெரளும். நீங்க கண்டுக்காதீங்க."

பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, காட்டின் ஓரத்தில் இருந்தது. நாலு மண்சுவர், ஒரே ஒரு வாசல், மேலே ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலிருந்து வேலை தொடங்கியது. வாலிபர்கள் சுவரைப் பூசி, மூங்கில் கட்டினார்கள். பெண்கள் கூரை வேயக் காய்ந்த கரும்புச் சோகையைக் கற்றை கற்றையாக முடிந்து கொடுத்தார்கள். ஊர்க்காரர் ஒருவரும் கிட்டே வரவில்லை. கிணற்றடிக்குப் போனால் அங்கிருந்த பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

அதற்கடுத்த நாள் விடிந்து பார்த்தால், முடிந்து வைத்த சோகையெல்லாம் குட்டைத் தண்ணீரில் மிதந்தது. கட்டிய மூங்கில்களை அறுத்துப் போட்டிருந்தார்கள்.

யோபு கொதித்துப் போனான். "நம்ம காசு போட்டு பஸ் ஏறி வந்து இவங்களுக்குக் கூரை போடறோம். இவங்க அறுத்துப் போடறாங்க. எதுக்குக்கா இங்க இருக்கணும்? வாங்க போலாம்."

"யாரு அறுத்தான்னு தெரியாம போகக் கூடாது" என்றாள் கிருபாவதி. ஊர்மீது அவளுக்கிருந்த சந்தேகத்தைவிட, தங்களை வண்டி வைத்து அழைத்து வந்தவர்மீது சந்தேகம் பெரிதாகிக்கொண்டிருந்தது. நஷ்டத்தைக் கேள்விப்பட்டு வந்த சென்னப்பன் கோபப்படவே இல்லை. புதுச் சோகை அனுப்புகிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கெழமைக்குள்ள கூரை முடியணும் டீச்சரம்மா. அன்னிக்கி மத்தியானம் ஊருக்கு ஒரு பந்தி போடுவோம். கறிச்சோறு. நான் கூப்பிட்டா வர மாட்டானுங்க. நீங்க கூப்பிடுங்க. கோயில் காரங்க, பொம்பள வேற, உங்க வார்த்தைக்கு வருவானுங்க" என்றார்.

"மரத்தடியில போடலாங்களே. நெழல் இருக்குது."

"வேணாங்க. உள்ள தான் போடணும். புதுக் கூரையில்ல? உள்ள ஒக்கார வெச்சாத் தான் மரியாதை."

அன்று மத்தியானம் கிருபாவதி, கேழ்வரகுக்குக் காவலிருந்த பெண்ணைத் தேடிக்கொண்டு தனியாகப் போனாள். அவள் பேர் முனியம்மாள். கிருபாவதியைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க."

முனியம்மாள் சொம்பைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். "அந்தக் கறுப்புப் பொட்டியில இன்னா இருக்குது?" என்று கேட்டாள்.

"எதுக்குள்ள? பெருசுலயா? அது ஆர்மோனியம். பாட்டுப் பாட."

"பாட்டுப் பாடறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்கோ? சின்னப் பொட்டியில?"

"தலைவலி மாத்திரை, டிஞ்சர், பஞ்சு."

"பஞ்சு" என்று திருப்பிச் சொன்னாள் முனியம்மாள். "கத்தி?"

"கத்தி எதுக்குக்கா?"

முனியம்மாள் படியில் உட்கார்ந்தாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. போன மாசம் அடுத்த ஊரில் சினிமா காட்டுகிறோம் என்று திரை கட்டினார்களாம். ஆண்கள் கூடியதும் ஜீப்பும் வேனும் வந்து வாரிக்கொண்டு போய் ஆப்பரேஷன் செய்துவிட்டுத்தான் திருப்பி விட்டார்களாம். அவள் தம்பி மாது அந்த ஊருக்கு வைக்கோல் வாங்கப் போனவன். கல்யாணம் ஆகாதவன். அவனையும் ஏற்றிவிட்டார்கள். பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நொச்சிக்குட்டை ஆண்கள் காட்டிலேயே தங்குகிறார்கள். கஞ்சியைப் பெண்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

"நீங்க டீச்சர்னு சென்னப்பன் சொல்றாரு. டீச்சருங்கள தானே ஆளு புடிச்சாரச் சொல்லியிருக்குது? இல்லன்னு சொல்லுங்கோ பாக்கலாம்."

கிருபாவதி தண்ணீரைக் குடித்துச் சொம்பைத் தரையில் வைத்தாள். "சொல்லியிருக்காங்க. நான் இன்னும் யாரையும் புடிக்கல."

"அதுக்குத் தான் வந்தீங்களா?"

"இல்ல."

முனியம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி நடக்கையில் கிருபாவதிக்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. ஒரே வாசல் வைத்த கட்டிடம். அதற்குள்தான் பந்தி என்ற பிடிவாதம். ஆம்பிளைப் பசங்க கம்மியாக இருந்தால் நல்லது என்ற பேச்சு. ஆனால் தன் பயமே தன்னை இப்படி நினைக்கவைக்கிறதோ என்றும் இருந்தது. ஒரு தரம் சோதித்துப் பார்ப்போம் என்று, சாயங்காலம் வந்த சென்னப்பனிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"கூரை நாளைக்கே முடிஞ்சிடுங்க. பந்திய வியாழக்கெழமையே போட்டுடலாமா?"

"ஐயோ, வியாழக்கெழமை ஆவாதுங்க. வண்டி வராது."

"என்ன வண்டிங்க?"

சென்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அரிசி வண்டி."

"அரிசி தான் நேத்தே எறங்கிடுச்சே."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார். மறைத்துப் பிரயோஜனமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "டீச்சரம்மா, நானும் மாட்டிக்கிட்டவன் தாங்க. சர்க்காரு புளிக்காட்டுக் குத்தகை இந்த மாசத்தோட முடியுது. ஆளு சேத்துக் குடுத்தாத் தான் மறுபடி எனக்கு. இல்லன்னா என் குடும்பம் தெருவுல நிக்கும். உங்களுக்கும் ரெண்டு கேஸ் வேணுமில்ல? உங்க பேர்லயே ரெண்டு எழுதச் சொல்றேன். வேலையும் நெலைக்கும். ஆளுங்களுக்கும் கவர்மெண்டு ஏதோ குடுக்குது. யாருக்கு நட்டம்?"

கிருபாவதி பதில் சொல்லாமல் நின்றாள். உடனே வேண்டாம் என்று வாயில் வரவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. ஜூன் மாசம், பள்ளிக்கூட வாசல், அவள் சம்பளத்தை நம்பி இருக்கும் அம்மா, இதெல்லாம் கண்முன் வந்து போயின. சென்னப்பன் அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, "உங்க பேரைச் சொல்லி நானே காட்டுக்குள்ள ஆளு அனுப்பிக் கூப்பிட்டுடறேன்" என்று எழுந்து போனார்.

சுவருக்குப் பின்னாலிருந்து யோபு வந்தான். கையில் அரிவாள், அறுத்த மூங்கில். எல்லாம் கேட்டிருக்கிறான் என்று அவன் முகமே சொன்னது.

"உங்க பேர்ல ரெண்டாக்கா?"

"யோபு..."

"இதுக்குத் தான் எங்களக் கூட்டிக்கிட்டு வந்தீங்களா? பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, அதுக்கப்புறம் ஜீப்பா?"

"நான் சரின்னு சொல்லல."

"வேணாம்னும் சொல்லலையே!"

அவன் போய்விட்டான். அன்று சாயங்கால ஜெபத்துக்கு அவன் வரவில்லை. மற்றவர்களும் அவளை நேராகப் பார்க்காமல் பாடினார்கள். யோபு சொல்லியிருப்பான். காலையில் தன்மேல் உயிராக இருந்த பிள்ளைகள் ஒரு மாலைக்குள் தன்னைவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். முனியம்மாளின் வாசற்படியில் நின்றதைவிட இது வலித்தது.

வியாழக்கிழமை கிருபாவதி மறுபடியும் முனியம்மாளிடம் போனாள். "அக்கா, நாளைக்கிப் பந்திக்கு யாரும் வர வேண்டாம். நான் கூப்பிடல. ஜீப்பு வரும்."

"வராதீங்கன்னு சொன்னா நல்லவங்கன்னு நம்பி வருவோம்னு நெனைக்கறீங்களா? இல்ல, காட்டுல எந்தப் பக்கம் இருக்காங்கோன்னு என் வாயால சொல்ல வெக்கப் பாக்கறீங்களா?" என்றாள் முனியம்மாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிருபாவதி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். நம்பிக்கையைக் கேட்டு வாங்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. இனி செய்கிறதைச் செய்ய வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் எல்லோரையும் கூரை முடிந்த பள்ளிக்கூடத்துக்குள் கூப்பிட்டாள். "எனக்கு ரெண்டு கேஸ் வேணும்கறது நெஜம். அந்தாளு தர்றேன்னு சொன்னதும் நெஜம். நான் வாங்கிக்கப் போறதில்ல. நீங்க நம்புனாலும் சரி, நம்பலைன்னாலும் சரி. யோபு, கடப்பாரைய எடு. பின்சுவரை இடிக்கணும்."

"புதுசா பூசின சுவரையா?"

"ஆளு குனிஞ்சு போற அளவுக்கு."

யோபு கடப்பாரையை எடுத்தான். மண் சுவர் பொத பொதவென்று விழுந்தது. காட்டைப் பார்த்த பக்கமாக ஒரு வழி திறந்தது. மீந்திருந்த சோகைக் கட்டுகளை வெளிப்பக்கம் சாய்த்து அதை மறைத்தார்கள். வேலை முடிகிற நேரத்தில், காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க்கொண்டிருந்த முனியம்மாள் நின்று பார்த்தாள்.

"பூசுன சொவத்த ஏம்மா இடிக்கிறீங்கோ?"

"ஓடறதுக்கு வழி வேணுமில்லக்கா."

முனியம்மாள் இடிந்த இடத்தைப் பார்த்தாள், கிருபாவதியின் கைகளில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். வேகமாகக் காட்டுக்குள் போனாள். ஆனால் அதற்குள் சென்னப்பனின் ஆட்கள் வேறு பாதையில் போய், டீச்சரம்மா கூப்பிடுகிறார்கள், சர்ச்சு ஆளுங்க சத்தியம் பண்ணியிருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லி ஆண்களைத் திரட்டியிருந்தார்கள். வெறும் கஞ்சியில் நாளை ஓட்டியவர்களுக்குக் கறி வாசனை காட்டுக்குள்ளேயே எட்டியிருக்கும்.

உச்சி வெயிலில் அவர்கள் வந்தார்கள். தாடியும் கிழிந்த துண்டுமாக ஒவ்வொருவராக வாசலுக்குள் நுழைந்தார்கள். முனியம்மாளின் புருஷன் பச்சியப்பனும் வந்தான். சென்னப்பன் வாசலில் நின்று கும்பிட்டு உள்ளே அனுப்பினார். அவருடைய ஆட்கள் இருவர் பக்கத்திலேயே நின்றார்கள். மந்தார இலை போட்டாயிற்று. யோபுவும் மற்றவர்களும் பரிமாறினார்கள். கிருபாவதி சோற்றுக் கூடையோடு ஒவ்வோர் இலையாகக் குனிந்து, உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே போனாள்: "சோகைக்குப் பின்னால வழி இருக்குது. சத்தம் கேட்டா அந்தப் பக்கம் போங்க."

பச்சியப்பன் பிசைந்த கையை நிறுத்தினான். "எந்தச் சத்தம்?"

அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில், ஊர் முனையிலிருந்து முனியம்மாளின் குரல் காட்டையே எழுப்புவது போலக் கேட்டது. "ஏய்! எவ மாடுடி அது! கொல்லையெல்லாம் மேஞ்சிடுச்சே! ஓட்டுங்கடி! ஓட்டுங்கடி!"

ஊர்க் கொல்லையில் மேயப் பயிரே இல்லை; அதுதான் அந்தச் சத்தம். பச்சியப்பன்தான் முதலில் எழுந்தான். யோபு உள்ளிருந்து சோகைக் கட்டுகளைத் தள்ளிவிட்டான். கையைக்கூடக் கழுவாமல் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து வெளியேறினார்கள். என்ன சத்தம் என்று சென்னப்பன் உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் கடைசி ஆளின் துண்டு புதருக்குள் மறைந்தது.

"ஒக்காருங்க!" என்றாள் கிருபாவதி தன் பிள்ளைகளிடம். "எலையில ஒக்காந்து சாப்பிடுங்க."

யார் எச்சில், எந்த ஜாதி எச்சில் என்று பார்க்க நேரமில்லை. யோபு பச்சியப்பன் விட்டுப்போன இலையில் உட்கார்ந்து, அவன் பிசைந்து வைத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஜீப்பும் ஒரு வேனும் வந்து நின்றன. கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் உள்ளே வந்து வரிசையைப் பார்த்தார்.

"யார் நீங்க?"

"சர்ச்சு வாலிபர் சங்கம் சார். கூரை போட வந்தோம். வேலை முடிஞ்சுது, சாப்பிடறோம். நீங்களும் ஒக்காருங்க."

"எலை இத்தனை இருக்கு. ஆள் எட்டு பேர் தான் இருக்கீங்க?"

"வாலிபப் பசங்க சார். ஒரு எலையில அடங்க மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினார். "அது?"

"ஜன்னல் வைக்கிறோம் சார். பிள்ளைங்களுக்குக் காத்து வேணுமில்ல."

அதிகாரி சென்னப்பனைப் பார்த்தார். சென்னப்பன் கிருபாவதியையும் சுவர் ஓட்டையையும் மாறி மாறிக் காட்டினார். அதிகாரிக்குக் கோபம் ஏறியது. வெறும் வண்டியோடு திரும்புவதில்லை என்று நினைத்தாரோ என்னவோ, யோபுவைப் பிடித்து ஏற்றும்படி தன் ஆட்களிடம் சொன்னார். "விசாரிக்கணும். வா."

யோபு திமிறினான். பெண்கள் கத்தினார்கள். கிருபாவதி யாரிடமும் எதுவும் கேட்காமல் வெளியே போய், ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, எறங்கு!"

"அந்தப் பையனுக்கு நான் பொறுப்பு சார். அவன் வந்தா நானும் வரேன். எல்லாரும் வருவாங்க. தருமபுரியில எங்க போதகர் வூட்டு வாசல்ல நிறுத்துங்க. கல்யாணம் ஆகாத பசங்கள எதுக்குப் புடிச்சீங்கன்னு அவர்கிட்டச் சொல்லிட்டு அப்புறம் எங்க வேணுமோ கொண்டு போங்க." அவள் சீட்டைவிட்டு நகரவில்லை. மற்ற பிள்ளைகளும் வந்து வேனுக்குள் ஏற ஆரம்பித்தார்கள்.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் யோபுவை விடச் சொன்னார். அவள் பேரையும் பள்ளிக்கூடத்தின் பேரையும் கேட்டார். இரண்டையும் அவள் தெளிவாகச் சொன்னாள். வண்டிகள் போன பிறகு சென்னப்பன் அவளை ஏறெடுத்துப் பார்க்காமல் ஊருக்கு வெளியே நடந்து போனார்.

சாயங்காலம் முனியம்மாள் ஒரு பெரிய குண்டானோடு வந்தாள். "மீதி சோறு இருக்குதா? அங்க பாதி வவுத்தோட ஒக்காந்திருக்காங்கோ." யோபு அள்ளி அள்ளிப் போட்டான். சோகையைக் குட்டையில் போட்டது யார் என்று அவன் கேட்டான். "நான் தான்" என்றாள் அவள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

மறுநாள் காலை வண்டி இல்லை. மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி வரை நடந்தார்கள். யோபு கடைசி ஆளாக நடந்து வந்தான். பஸ்ஸில் ஏறும்போது கிருபாவதியின் மூட்டையையும் தானே வாங்கி மேலே போட்டுவிட்டு, "தப்பா நெனச்சிட்டேன்க்கா" என்றான். "நீ நெனச்சது சரிதான். நான் அன்னைக்கு வாயத் தொறந்து வேணாம்னு சொல்லியிருக்கணும்" என்றாள் அவள்.

ஜூனில் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உடம்பு சரியில்லை, வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் நிர்வாகி. எழுதிக் கொடுக்காமலே அவள் வந்துவிட்டாள். வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். போதகர் இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தார், பலனில்லை. சர்ச்சிலும் சிலர், சர்க்கார் காரியத்தில் இந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்று அவள் காதுபடப் பேசினார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை வாசலில் யாரோ நிற்கும் நிழல் தெரிந்தது. முனியம்மாள். இடுப்பில் மூன்று நாலு வயதுப் பெண் குழந்தை, காய்ச்சலில் தலை தொங்கியிருந்தது.

"உள்ள வாங்கக்கா."

அவள் உடனே வரவில்லை. வாசலில் நின்றபடியே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். "வூட்ல வேற ஆரு இருக்கறாங்கோ?"

"அம்மா மட்டும் தான்."

"புள்ளைக்கு நாலு நாளா சொரம். ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா பண்ணுவாங்களோன்னு பயமா இருக்குது." குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். "உங்கள நம்பி வரலைங்கோ. இந்த ஊர்ல எனக்கு வேற ஆரையும் தெரியாது."

"பரவால்லக்கா" என்றாள் கிருபாவதி. தெரிந்த ஒரு டாக்டரம்மா பக்கத்துத் தெருவில் இருந்தார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். முனியம்மாள் கொடுக்கவில்லை. தன் இடுப்பிலேயே இறுக்கிக்கொண்டு, குடைக்குள்ளும் வராமல், இரண்டடி பின்னால் நனைந்துகொண்டே நடந்துவந்தாள். கிருபாவதி குடையைப் பின்பக்கமாகச் சாய்த்து, குழந்தையின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.